குளிர் நாட்டில் வெப்பமண்டலப் பழமரங்கள்: குளிர்காலத்தைக் கடத்துவது எப்படி?

லண்டனில் மாங்கொட்டை முளைக்கும். கோடை முழுக்கச் செந்தளிர் விட்டு, பார்த்தாலே மனம் நிறையும்படி வளரவும் செய்யும். அக்டோபரில் இரவுக் குளிர் கூடியதும் பலரும் தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைப்பார்கள். இலை தொங்குகிறதே என்று தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். பொங்கலுக்குள் இலை விளிம்பெல்லாம் கருகி, ஒவ்வொன்றாக உதிர்ந்து, குச்சிதான் மிஞ்சும். "இந்த ஊர்க் குளிர் இதுக்கு ஒத்துக்காது" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஆனால் அந்தக் கன்று இருந்த அறையில் குளிரே கிடையாது. 20 டிகிரி சூடு இருந்தது. வெளிச்சம்தான் இல்லை. மண் காயாமல் ஈரமாகவே கிடந்தது. காற்று வறண்டிருந்தது. வேர் அழுகித்தான் அது செத்தது. குளிர் நாட்டில் பழமரம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: குளிர்காலத்தில் மரத்துக்குக் கிடைக்கும் சூடு, வெளிச்சம், தண்ணீர் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். வெளிச்சம் குறைந்தால் சூட்டையும் தண்ணீரையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். குறைக்க முடியாத மரம் என்றால் வெளிச்சத்தைக் கூட்டியே ஆக வேண்டும்.

இங்கே தெற்கு இங்கிலாந்தை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். டொராண்டோ போன்ற இடங்களில் குளிர் இன்னும் கடுமை. அங்கே தொட்டியை வெளியே வைக்கும் மாதங்கள் குறையும், ஆனால் விஷயம் ஒன்றுதான்.

குளிர் என்ன செய்கிறது

குளிரால் வரும் பாதிப்பு இரண்டு வகை. இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, உறைதல். வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போனதும் இலைக்குள் இருக்கும் திசுக்களின் இடைவெளிகளில் பனிக்கட்டி உருவாகிறது. அந்தப் பனிக்கட்டி செல்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துக்கொள்ள, செல் வற்றிச் சிதைகிறது. ஆப்பிள், பிளம் போன்ற குளிர்நாட்டு மரங்கள் இலையுதிர் காலத்திலேயே இதற்குத் தயாராகிவிடும். செல்களில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளும், இலையை உதிர்க்கும், வளர்ச்சியை நிறுத்தும். மாமரத்துக்கும் பப்பாளிக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. உறைபனி விழும் ஊரில் அவற்றின் முன்னோர்கள் வாழ்ந்ததே இல்லை.

இரண்டாவது, உறையாமலே வரும் குளிர்ப் பாதிப்பு. வெப்பமண்டலச் செடிகளுக்கு 10 முதல் 13 டிகிரிக்குக் கீழே போனாலே செல் சவ்வுகள் இறுகிப்போய் வேலை செய்யத் திணறுகின்றன. இதைப் பார்க்க மரம்கூட வேண்டாம். வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் கறுத்துப்போகிறதே, அதே பாதிப்புதான். கப்பலில் வாழைத்தார்களை 13, 14 டிகிரியில் வைத்துக் கொண்டுவருவதும் இதனால்தான். அதற்கும் கீழே போனால் காய் சரியாகப் பழுக்காது.

இதோடு வேரையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மண் குளிர்ந்துவிட்டால் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஜன்னலோரம் வெயில் பட்டு இலை சூடாகும், நீரை ஆவியாக விடும், கீழேயிருந்து எதுவும் ஏறி வராது. இலை துவளும். மண்ணில் ஈரம் இருக்கும்போதே செடி தாகத்தில் தவிக்கும். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றினால் அத்தோடு வேர் போச்சு. கன்சர்வேட்டரியில், அதாவது வீட்டை ஒட்டிய கண்ணாடி அறையில், வைத்த எலுமிச்சை ஜனவரியில் திடீரென்று இலையைக் கொட்டுவதற்கு இதுவும் ஒரு பொதுவான காரணம். தொட்டியைக் கல் தரையில் நேராக வைக்காமல் ஒரு பலகை மேலோ தெர்மோகோல் அட்டை மேலோ வைத்தாலே நிலைமை கொஞ்சம் மாறும்.

மண்டல எண்ணை நம்பி ஏமாற வேண்டாம்

நாற்றுப் பண்ணைகளில் "இந்த மரம் மண்டலம் 9-க்கு ஏற்றது" என்று எழுதியிருப்பார்கள். அமெரிக்க வேளாண்துறை வகுத்த கணக்கு இது. ஒவ்வொரு வருடமும் குளிர்காலத்தில் பதிவாகும் ஆகக் குறைந்த வெப்பத்தின் சராசரியை வைத்து இடங்களைப் பிரித்திருக்கிறார்கள். லண்டன் மண்டலம் 9-இல் வருகிறது. ஃபுளோரிடாவின் வட பகுதியில் உள்ள கெயின்ஸ்வில்லும் மண்டலம் 9-தான்!

கெயின்ஸ்வில்லில் ஜூலைப் பகல் 33 டிகிரியைத் தொடும். லண்டனில் 23, 24. அங்கே குளிர் என்பது ஒரு சில இரவுகளுக்கு வந்து போகிற விருந்தாளி. இங்கே அது நவம்பரிலிருந்து மார்ச் வரை கூடவே இருக்கும். மண்டல எண் குளிரின் அடியாழத்தை மட்டும்தான் சொல்லும். குளிர் எத்தனை நாள் நீடிக்கும், கோடை எவ்வளவு சுடும், வெளிச்சம் எவ்வளவு என்று எதையும் சொல்லாது. மரம் பிழைப்பது ஒன்று, பழம் தருவது வேறு ஒன்று. பழம் முற்றிப் பழுக்க மாதக்கணக்கில் சூடு தொடர்ந்து சேர வேண்டும்.

பிரிட்டனில் வாங்குகிறவர்களுக்கு அரச தோட்டக்கலைச் சங்கத்தின் H குறியீடு இன்னும் பயன்படும். H1a என்றால் 15 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது; H1b-க்கு 10 முதல் 15; H1c-க்கு 5 முதல் 10; H2 என்றால் 1 முதல் 5 வரை தாங்கும், ஆனால் உறைபனி கூடாது; H3 லேசான உறைபனியையும், மைனஸ் 5 வரை, தாங்கும். நமக்குப் பிடித்த மரங்களில் பெரும்பாலானவை H1-இல்தான் வரும். லேபிளில் இந்த எழுத்தைத் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.

வெளிச்சம்: யாரும் கணக்கில் எடுக்காதது

டிசம்பர் பிற்பகுதியில் லண்டனில் பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரிதான் மேலே ஏறும். அதே நாளில் சென்னையில் பகல் 11 மணி நேரத்துக்கும் மேல், சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். கோடை நண்பகல் வெயில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். மேகம் மூடிய டிசம்பர் நாளில், ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே தள்ளி வைத்த தொட்டிக்குக் கிடைப்பது சில நூறு லக்ஸ். நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் "நல்ல வெளிச்சமாகத்தானே இருக்கிறது" என்று தோன்றும். மரத்தைப் பொறுத்தவரை அது பட்டினி.

செடி சும்மா இருந்தாலும் சுவாசிக்கிறது, சேமித்த சர்க்கரையைச் செலவழிக்கிறது. சூடு கூடக்கூட இந்தச் செலவும் கூடும். வெளிச்சம் குறைந்தால் வரவு குறையும். இருட்டான, சூடான அறையில் செடி தினமும் வரவைவிட அதிகமாகச் செலவழித்து மெலிந்துகொண்டே போகும். வெளிறிய, நீண்ட, வலுவில்லாத தளிர்களை விடுவது அதன் அடையாளம்.

சூடு இருந்தும் வெளிச்சம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஐஸ்லாந்து நல்ல உதாரணம். ஹ்வெராகெர்டி என்ற ஊரில் நிலத்தடி வெந்நீரை வைத்தே கண்ணாடிக் குடில்களைச் சூடாக்கி, பல பத்தாண்டுகளாக வாழை வளர்க்கிறார்கள். சூட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் இருண்ட நீண்ட குளிர்காலத்தால் தார் முற்ற மிக அதிக காலம் ஆகிறது. வெப்பநாட்டு வாழையோடு விலையில் அது போட்டி போடவே முடியவில்லை.

இதற்கு நேர் எதிரான வழியைப் பிரான்ஸில் பார்க்கலாம். வெர்சாய் அரண்மனையின் ஆரஞ்சுக் கூடத்தை 1684-க்கும் 1686-க்கும் இடையில் கட்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள், பெரும்பாலும் ஆரஞ்சு வகைகள், மரத்தொட்டிகளில் நிற்கின்றன. மே மாதம் வெளியே வரும், அக்டோபரில் உள்ளே போகும். கூடத்துக்குள் ஹீட்டர் கிடையாது. கனத்த கற்சுவரும் தெற்கு நோக்கிய பெரிய ஜன்னல்களும் சேர்ந்து குளிர்காலத்தில் 5 முதல் 8 டிகிரி வரை பார்த்துக்கொள்கின்றன. அந்தக் குளிரில் மரம் வளர்ச்சியை நிறுத்தி உறங்குகிறது. சர்க்கரைச் செலவு குறைவதால் குறைந்த வெளிச்சமே போதுமாகிறது. மூன்று நூற்றாண்டுக்கு மேலாக இது நடந்துகொண்டிருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை, சூடான அறையைவிடக் குளிர்ந்த, ஆனால் உறையாத ஓர் இடம்தான் இந்தக் கலையின் உண்மையான ரகசியம்.

உறங்கும் மரங்கள், உறங்காத மரங்கள்

ஆக, மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதை உறங்க வைக்க முடியுமா?" என்பது.

எலுமிச்சை இனத்தில் பல உறங்கும். அதில் மேயர் எலுமிச்சையும் கும்குவாட் என்ற குட்டி ஆரஞ்சு போன்ற பழமரமும் குளிரை நன்றாகவே தாங்கும். நம்மூர்ச் சிறு எலுமிச்சை அவற்றைவிட மென்மையானது. ஊறுகாய்க்கு அதுதான் வேண்டும் என்று ஆசையாக இருக்கும், ஆனாலும் முதல் மரமாக மேயரை வைத்துப் பழகிவிட்டு அதற்கு வாருங்கள். கொய்யா இன்னொரு நல்ல மரம். 5 முதல் 10 டிகிரியில் சும்மா நிற்கும், பாதி இலையை உதிர்க்கும், வசந்தத்தில் வெட்டிவிட்டால் புதுக் கிளை விடும். அந்தப் புதுக் கிளையில்தான் பூவும் வரும் என்பதால், தொட்டிக்கு அடங்க வெட்டுவதால் நஷ்டம் இல்லை. பழமரம் இல்லையென்றாலும் கறிவேப்பிலையைச் சொல்லாமல் விட முடியாது: குளிரில் மொட்டையாகிவிடும், பலர் செத்துப்போனதாக நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அது உறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

பப்பாளி உறங்காது. குளிர்ந்த ஈர மண்ணில் அதன் தண்டு அடியிலிருந்து அழுகும். பலாவும் அப்படித்தான், சூடு கேட்கும். இவற்றை வைத்துக்கொள்ள வேண்டுமானால் 18 டிகிரிக்குக் குறையாத அறையும், தினமும் 12 முதல் 14 மணி நேரம் எரியும் எல்.இ.டி. வளர்ப்பு விளக்கும் வேண்டும். விளக்கு மரத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும், கூரையில் தொங்கும் சாதாரண பல்பு உதவாது. மின்கட்டணத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பப்பாளி வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

மா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 15 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். 10 முதல் 15 டிகிரியில், வீட்டிலேயே வெளிச்சம் அதிகமுள்ள இடத்தில், மண் பாதிக்கு மேல் காய்ந்த பிறகே தண்ணீர் விட்டு வந்தால் குளிர்காலத்தைக் கடத்திவிடலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. மாமரம் பூப்பதற்குக் குளிர்ந்த இரவுகள் தூண்டுதலாக இருக்கின்றன. நம்மூரில் மார்கழி, தை மாதங்களில் பூப்பது இதனால்தான். ஆனால் பூத்தபின்னும் குளிர் நீடித்தால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பிஞ்சு நிற்காது. குளிர் நாட்டில் பூ கொத்துக் கொத்தாக வந்து, ஒரு காய்கூட இல்லாமல் உதிர்வதை இது விளக்கும். பூங்கொத்து தெரிந்ததும் மரத்தைச் சூடான, வெளிச்சமான இடத்துக்கு மாற்றி, மெல்லிய தூரிகையால் பூக்களைத் தடவிவிடுங்கள். வீட்டுக்குள் ஈ, தேனீ எதுவும் வராது அல்லவா?

இன்னொன்று, கொட்டையிலிருந்து வந்த மா காய்க்க 5 முதல் 8 வருடம் ஆகும், அதுவும் வெப்ப நாட்டில். இங்கே இன்னும் தாமதமாகும். பழத்துக்காக வளர்க்கிறீர்கள் என்றால் ஒட்டுக்கன்றைத் தவிர வேறு வழியில்லை. அழகுக்கு என்றால் கொட்டையே போதும், அந்தச் செந்தளிருக்காகவே வளர்க்கலாம். ஊரிலிருந்து ஒட்டுக்கன்றைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் எண்ணம் மட்டும் வேண்டாம். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அது சட்டவிரோதம். எலுமிச்சை இனங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைச் சுமந்து திரியும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். சட்டம் கடுமையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

வாழையும் அன்னாசியும்

இன்று உலகச் சந்தையில் ஏற்றுமதியாகும் வாழைப்பழங்களில் பெரும்பகுதி கேவண்டிஷ் ரகம். அந்தப் பெயர் இங்கிலாந்தின் டெர்பிஷயரிலிருந்து வந்தது. சாட்ஸ்வொர்த் மாளிகையில் டெவன்ஷயர் கோமகன் வில்லியம் கேவண்டிஷின் தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன், 1830-களில் சூடாக்கிய கண்ணாடிக் குடிலில் அந்த வாழையை வளர்த்துக் காய்க்க வைத்தார். முதலாளியின் குடும்பப் பெயரையே அதற்கு வைத்தார்கள். நிலக்கரியை எரித்து எரித்து ஒரு வெப்பமண்டலத்தையே உள்ளே உருவாக்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

இன்று லண்டன் தோட்டங்களில் வெளியே நிற்கும் வாழை பெரும்பாலும் ஜப்பானிய வாழை எனப்படும் பாஸ்ஜூ. கிழங்கு குளிரைத் தாங்கும், ஆனால் பழம் சாப்பிட உதவாது. உண்ணும் வாழையை வெளியே நட்டு வைக்கோல் சுற்றினால் என்ன? கிழங்கு பிழைக்கலாம், தார் வராது. வாழையின் பூ, கிழங்கின் நுனியிலிருந்து தண்டுக்குள்ளேயே ஏறி உச்சியில் வெளிவருவது. முப்பது, நாற்பது இலை விட்ட பிறகே அந்த நிலை வரும். குளிரில் தண்டு அழுகினால் அதுவரை செய்த வேலை முழுக்கப் போய்விடும். பக்கக்கன்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இலைகள் போனாலும் தண்டைக் காப்பாற்ற வேண்டும். குட்டை கேவண்டிஷைப் பெரிய தொட்டியில் வைத்து உள்ளே கொண்டுவருவதுதான் நடக்கக்கூடிய வழி.

அன்னாசியைத் தொடக்கக்காரர்களுக்கு மனதாரச் சிபாரிசு செய்வேன். கடையில் வாங்கிய பழத்தின் கொண்டையைத் திருகி எடுத்து, கீழ் இலைகளை உரித்து, இரண்டு நாள் காயவிட்டு நட்டால் வேர் பிடிக்கும். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பணக்காரர்கள் தோல் பதனிட்டு மிஞ்சிய ஓக் பட்டையைக் குழிகளில் நிரப்பி, அது புளித்து எழும் சூட்டில் அன்னாசித் தொட்டிகளைப் புதைத்து வைத்தார்கள். ஸ்காட்லாந்தின் டன்மோரில் ஒரு கட்டடத்தின் உச்சியையே கல்லால் அன்னாசி வடிவில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவு மோகம்!

நம் ஜன்னலோர அன்னாசி இரண்டு, மூன்று வருடம் இலையாகவே நிற்கலாம். பூக்க வைக்க ஒரு வழி உண்டு. நன்கு பழுத்த ஆப்பிளைச் செடியோடு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சில நாள் மூடி வையுங்கள். ஆப்பிள் வெளிவிடும் எத்திலீன் வாயு அன்னாசியைப் பூக்கத் தூண்டும். அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடிக் குடில்களில் அன்னாசி வளர்ப்பவர்கள் இதற்காகவே உள்ளே புகை போடுகிறார்கள். புகையிலும் எத்திலீன் உண்டு. வாழைத்தாரைப் பழுக்க வைக்க நம்மூரில் மூட்டம் போடுவதும் இதே வாயுவை நம்பித்தான்.

தொட்டி, தண்ணீர், பூச்சி

தொட்டி பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். சிறு கன்றைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரத்தோடே கிடந்து அழுகலுக்கு இடம் கொடுக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு விரல் அகலம் கூடுதலான தொட்டி போதும். தென்னை நார்த்தூள், பெர்லைட் (மண்ணை இளக்கும் லேசான வெள்ளைத் துகள்), கொஞ்சம் மட்கு கலந்து, ஊற்றிய நீர் உடனே அடியில் வடிகிற மாதிரி கலவை இருக்கட்டும். குளிர்காலத்தில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். நாள் குறித்து ஊற்றுவது கூடாது.

லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கெட்டிலில் படியும் வெள்ளைப் படலமே சாட்சி. அதையே ஊற்றி வந்தால் மண்ணில் காரத்தன்மை ஏறி, எலுமிச்சையால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் போகும். நரம்பு பச்சையாகவும் இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் இளம் இலைகள் தெரிந்தால் அதுதான் காரணம். மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள். இந்த ஊரில் அதற்குக் குறைவே இல்லை.

ஹீட்டர் போட்ட வறண்ட காற்றில் சிலந்திப்பேன் பெருகும், அப்புறம் மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும். இலைக்கு அடியில் வாரம் ஒருமுறை பார்த்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டால் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும்.

வெளியே மண்ணில் நட ஆசையா? அப்படியென்றால் தெற்கு நோக்கிய செங்கல் சுவரோரம்தான் இடம். பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் திருப்பிக் கொடுக்கும். 1673-இல் தொடங்கிய செல்சி பிசிக் தோட்டம் நான்கு பக்கமும் மதில் சூழ, தேம்ஸ் நதிக்கு அருகில், நகரத்தின் சூட்டுக்கு நடுவில் இருப்பதால் அங்கே பம்பளிமாஸ் போன்ற கிரேப்ஃபுரூட் மரம் ஒன்று திறந்த வெளியிலேயே நிற்கிறது. தோட்டத்தின் பள்ளமான மூலையில் மட்டும் நடாதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். இன்னொன்று, ஹீட்டர் இல்லாத கண்ணாடிக் குடில் தெளிந்த இரவில் வெளிக்குளிருக்கு மிக அருகில் இறங்கிவிடும். குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பதிந்து வைக்கும் ஒரு வெப்பமானி வாங்கி ஒரு வாரம் பார்த்தால் உங்கள் இடத்தின் உண்மை நிலை தெரிந்துவிடும்.

உள்ளே எப்போது, வெளியே எப்போது

இரவு வெப்பம் 10 டிகிரியை நெருங்கும்போது, பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில், உள்ளே கொண்டுவரலாம். வெளியே எடுப்பது மே கடைசியில். எடுத்ததும் நேர் வெயிலில் வைத்துவிட்டால் குளிர்கால இலைகள் வெந்து வெளுத்துப்போகும். முதல் வாரம் நிழல், அடுத்த வாரம் காலை வெயில், பிறகு முழு வெயில் என்று பழக்க வேண்டும். புது வளர்ச்சி தெரிந்த பிறகே உரம். உறங்குகிற மரத்துக்கு உரம் போட்டால் எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் மண்ணில் உப்பாகச் சேரும்.

மார்ச் மாதம் மரம் மொட்டையாக நின்றால் உடனே குப்பைக்கு அனுப்பிவிடாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டுங்கள், பச்சை தெரியும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுக்கு மேலே பச்சை இருக்க வேண்டும். அதற்குக் கீழேயிருந்து துளிர்ப்பது வேர்ச்செடியின் கிளை, அதில் நீங்கள் வாங்கிய ரகம் காய்க்காது. கறிவேப்பிலையும் கொய்யாவும் சில சமயம் ஜூன் வரைகூடத் துளிர்க்காமல் இருக்கும். அதுவரை தண்ணீரைக் குறைத்தே வையுங்கள்.